கவுன் தைக்கிற வீடு

வக்கீல் வீட்டின் முன்னறையை ஒரு புத்தக அலமாரி இரண்டாகப் பிரித்திருந்தது. அலமாரிக்கு அப்புறம் வக்கீலின் மேசையும் கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளும் கிடந்தன. இப்புறம் அவருடைய மனைவியின் தையல் எந்திரம், துணி வெட்டும் பலகை, இஸ்திரிப் பெட்டி. அந்த அம்மாள் தைத்தவை வக்கீல்கள் நீதிமன்றத்தில் அணியும் கறுப்புக் கவுன்கள். கோர்ட்டைச் சேர்ந்தவர்கள் அவரைக் கவுன்காரம்மா என்றே அழைத்தனர்.

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. தையல் விழும் இடம் தெரிவதற்காகத் துணிக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்துக்கொள்வார். தோளில் கொசுவம் பிடிப்பதில் அவருக்கு இணையானவர் அவ்வூரில் இலர். அளவு கொடுக்க வரும் புது வக்கீல்களிடம், "தோள் சரியா உக்காந்தாத்தான் தம்பி, வாய் சரியா பேசும்" என்பார்.

கணவன் மனைவி இருவருக்குமிடையே நெடுநாளைய வழக்கம் ஒன்று இருந்தது. மணமான புதிதில், தம் முதல் வழக்கில், வக்கீல் நீதிபதியின் முன் நா வறண்டு நின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். அன்று சாப்பிடவும் மறுத்தவரை எந்திரத்தின் எதிரே உட்காரவைத்து, "என்கிட்ட சொல்லுங்க. நான்தான் எதிர் வக்கீல்னு நெனச்சுக்கங்க. நான் ஒண்ணும் உங்களைக் கடிச்சுட மாட்டேன்" என்றார் மனைவி. அன்றுமுதல் ஒவ்வொரு வழக்கிற்கும் முந்தைய மாலையில் வக்கீல் வாதாடுவார். அம்மாள் தைத்துக்கொண்டே மறுத்துப் பேசுவார். வாதத்தில் ஓட்டை தென்பட்டால் எந்திரத்தை மிதிக்கும் கால் நின்றுவிடும். "நீ கேள்வி கேக்கறதுகூடப் பயமில்ல. மெஷின் நின்னாத்தான் எனக்குப் பயம்" என்பார் வக்கீல்.

அவ்வாண்டு மழைக்காலத் தொடக்கத்தில், ஆற்றுப்பாலச் சாலையில், அந்தி மயங்கும் நேரத்தில் காவல்துறையின் பெரிய அதிகாரி ஒருவர் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அகப்படவில்லை. அச்சமயத்தில் அச்சாலையின் விளக்குகள் யாவும் அணைந்திருந்தன. அணைத்தவர் என்று மின்சார இலாகாவின் லைன்மேன் ஒருவரைப் பிடித்தார்கள். "கம்பத்துல வயர் கருகிப் புகைஞ்சுது. அதான் நிறுத்தினேன்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் தூக்கிலிட வேண்டுமென்று ஊரெங்கும் சுவரொட்டிகள் முளைத்தன. வக்கீல்கள் சங்கம் கூடி, அவருக்காக எவரும் ஆஜராகலாகாது என்று கை உயர்த்தித் தீர்மானித்தது.

"எல்லாரும் கை தூக்கறப்ப நீங்க மட்டும் ஏன் தூக்கல?" என்று கேட்டார் மனைவி.

"தோள் வலி."

"எந்தத் தோள்?"

"ரெண்டும்."

மறுவாரம் லைன்மேனின் மனைவி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பாட்டில் கழுவும் தொழிற்சாலையில் வேலை செய்பவள். விரல்கள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. ஏறி இறங்கிய வீடுகளின் கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் வக்கீல் வழக்கை ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் கவுன் கேட்டு வருவோர் குறைந்தனர். துணி கொடுத்திருந்த வக்கீல் ஒருவர், ஒரு கை மட்டும் தைத்திருந்த நிலையில் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். "வீட்டுல அவளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார். அதற்கும் கவுனுக்கும் என்ன தொடர்பென்று அம்மாள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

விசாரணை தொடங்குவதற்கு முந்தைய மாலை, வழக்கம்போல் வக்கீல் எழுந்து நின்று தம் தரப்பைச் சொன்னார். வயர் கருகியது; ஆள் நடமாட்டமுள்ள சாலை; ஆபத்தைத் தவிர்க்கவே லைன்மேன் கம்பத்துப் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தினார்; அது அவருடைய கடமை. அம்மாள் கவுனின் பின்புறத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். எந்திரம் நின்றது.

"அந்தப் பெட்டியிலேருந்துதான ஆஸ்பத்திரி பின்கட்டுக்கும் கரண்ட் போகுது?"

"ஆமா. ஏன்?"

"அப்போ அங்கேயும் இருட்டாயிருக்கணுமே. அங்கே யாராவது இருட்டா இருந்துச்சுன்னு சொன்னாங்களா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கல."

"நான் எதிர் வக்கீலா இருந்தா அதைத்தான் மொதல்ல பிடிப்பேன். அங்கே வெளக்கு எரிஞ்சிருந்தா, உங்க ஆள் பெட்டியைத் தொடவேயில்ல, ரோட்டு வெளக்குக்கு மட்டும் தனியா ஏதோ பண்ணியிருக்கான்னு ஆயிடும்."

"அவங்களுக்கு இது தோணாது. போலீஸ் குறிப்புலகூட ஆஸ்பத்திரிங்கற பேச்சே இல்ல."

"தோணாம இருக்கணும்" என்று கூறிவிட்டு அம்மாள் மீண்டும் மிதிக்கலானார்.

இரண்டு நாள் கழித்து, அரசுத் தரப்பு வக்கீல் பட்டியலில் இல்லாத ஒரு சாட்சியை அழைக்க அனுமதி கேட்டார். மருத்துவமனைப் பின்கட்டில் பணிபுரியும் நர்ஸ். அன்று மாலை தம் வார்டில் விளக்கு எரிந்ததென்று அவர் சொல்லிவிட்டுப் போனார். கூண்டுக்குள் லைன்மேன் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

வக்கீலின் ஐயம் முதலில் குமாஸ்தாவின்மீது சென்றது. இளமைமுதல் அவரிடம் இருந்தவர் அந்தக் குமாஸ்தா. ஆஸ்பத்திரிப் பேச்சு நடந்த மாலையில் வழக்குக் கட்டுகளைக் கட்டிக்கொண்டு அலமாரிக்கு அப்புறம் இருந்தவர் அவர் ஒருவரே.

"ஆஸ்பத்திரி விஷயத்தை வெளியில யார்கிட்டயாவது பேசினீங்களா?" என்று வக்கீல் கேட்டார். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்க முயன்றார், குரல் ஒத்துழைக்கவில்லை.

குமாஸ்தா அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கேட்டதுக்காகப் போகலீங்க ஐயா. கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாளா என்னைப் பார்த்துட்டே இருந்தீங்களே, அதுக்காகப் போறேன்."

"உக்காருங்க. நான் அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டீங்க. அம்மா, வரேன். அந்த மூணாவது தட்டுல கரையான் இருக்கு, பார்த்துக்கங்க."

வாசல்வரை சென்று அம்மாள் தடுத்தும் அவர் நிற்கவில்லை.

அடுத்த வாரம் லைன்மேனுடன் வேலை செய்த ஒருவர், தாமும் அன்று புகையைக் கண்டதாகச் சாட்சி சொல்ல முன்வந்தார். வக்கீலுக்கு உயிர் திரும்பியது போலிருந்தது. அன்று மாலை வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறெவருமில்லை. வெளியே நல்ல மழை. அம்மாள் காஜாத் துளையைச் சுற்றிக் கையால் தைத்துக்கொண்டே கேட்டார்:

"இத்தனை நாள் இவர் எங்கே போயிருந்தாராம்?"

"பயந்துக்கிட்டு இருந்தார்."

"பயம்தான். இல்லேங்கல. ஆனா நான் எதிர்த்தரப்புல நின்னா என்ன சொல்லுவேன் தெரியுமா? ஐயா, இது ஒட்டுப்போட்ட துணி. நெறம் பொருந்தியிருக்கு, நூலு வேற. கிட்டப் போய்ப் பாருங்கன்னு சொல்லுவேன்."

வக்கீல் சிரித்தார். "உனக்கு ஒரு கவுன் தைச்சுக்கோ."

"யாரு தோள் அளவு எடுக்கறது?"

அவ்வீட்டில் அவர்கள் இருவரும் சிரித்தது அதுவே கடைசி. மறுநாள் அந்தச் சாட்சி சொல்லி முடித்ததும் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். கவுனைத் தோளில் சரிசெய்துகொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே, இச்சாட்சி ஒட்டுப்போட்ட துணி. நிறம் பொருந்துகிறது, நூல்தான் வேறு" என்றார். மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் புன்னகைத்தார்.

வக்கீல் வீடு திரும்பியபோது அம்மாள் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் மனைவியின் கையைப் பிடித்துப் பின்புறத்துத் துவைக்கும் இடத்திற்கு அழைத்துச் சென்று, குழாயை முழுவதும் திறந்துவிட்டார். வாளியில் நீர் விழும் இரைச்சலில், காதருகே குனிந்து நடந்ததைச் சொன்னார். அம்மாளுக்கு முதலில் அச்சம் வரவில்லை, கூச்சமே வந்தது. குளிக்கும்போது எவரோ பார்த்துவிட்டதைப் போல இரு கைகளாலும் தோளைப் போர்த்திக்கொண்டார். அச்சம் பின்னர் வந்தது. வந்தபின் போகவில்லை.

"நம்ம வீட்டுக்குள்ளயா?"

"உள்ளேதான்."

"அப்போ அவரு..."

"ஆமா. குமாஸ்தா இல்ல."

அடுப்பில் நீர் வற்றி முட்டைகள் வெடிக்கும் ஓசை கேட்கும்வரை இருவரும் அங்கேயே நின்றனர்.

மறுநாள் வக்கீல் குமாஸ்தாவின் வீட்டிற்குச் சென்றார். குமாஸ்தா டீ கொடுத்தார். வக்கீல் கேட்ட மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். திரும்பி வர மட்டும் இசையவில்லை. "இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாம இருக்கறதுதான் ஐயா நல்லது. உங்களுக்கும் நல்லது. நாளைக்கு எதாவதுன்னா நீங்க மறுபடியும் என்னைத்தான் பார்ப்பீங்க. அப்போ வெளியில சொன்னது நானாவே இருந்தாலும் இருக்கும், யார் கண்டா. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

விடுமுறை நாளொன்றில் வக்கீல் ஒட்டுக்கேட்கும் கருவியைத் தேடித் திருப்புளியால் சுவிட்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மேசையைக் கவிழ்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். அஃது அதன்பின் ஓடவில்லை. அலமாரியின் பின்னால் பல்லி முட்டைகளும், தைக்கையில் விரலில் மாட்டும், என்றோ காணாமற்போன பூணும் கிடைத்தன. தேடியது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதை மிதித்து நசுக்கலாம்; கிடைக்காதது எங்கும் இருந்தது.

ஆகவே, பேசுவதை நிறுத்தினர். உப்பு போதுமா, குழாயில் நீர் வருகிறதா, கதவைத் தாழிட்டாயிற்றா என்பவற்றோடு பேச்சு நின்றது. வாதாடும் வேளையில் வக்கீல் சுவரைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். அம்மாள் தைப்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் எந்திரத்தை வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் படிப்புக்காக வெளியூர் விடுதியில் தங்கியிருந்த மகள் தொலைபேசியில் அழைத்தால், "நல்லா இருக்கோம், நல்லா படி" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "ஏம்மா தந்தி அடிக்கற மாதிரி பேசற?" என்று மகள் கோபித்துக்கொண்டாள்.

மௌனம் தங்களைக் காக்குமென்று அவர்கள் எண்ணினர். இத்தனை ஆண்டுகள் மாலைதோறும் பேசிய வீடு திடீரென்று பேச்சை நிறுத்தினால், கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அதைவிட உரத்த செய்தி வேறில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

வக்கீல் நீதிமன்றம் சென்றிருந்த ஒரு பிற்பகலில், மழைக்கு ஒதுங்குபவனைப் போல ஒருவன் வாசலில் வந்து நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். நன்றாக வாரிய தலை; கையில் ஒரு காகிதப் பை. செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்தான்.

"அக்கா, இந்தப் பேன்ட் கொஞ்சம் நீளம். மடிச்சுத் தைச்சுக் குடுக்கணும்."

"நான் கவுன் மட்டுந்தாங்க தைக்கறது."

"தெரியும்க்கா. இப்போதான் கையில கவுன் எதுவும் இல்லையே. இருந்து வாங்கிக்கிட்டே போயிடறேன். மழையும் விடட்டும்."

மறுப்பதற்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. அம்மாள் பேன்ட்டை வாங்கி, அவன் சொன்ன அளவில் சாக்கட்டியால் கோடிட்டார். அவன் கட்சிக்காரர் நாற்காலியை இப்புறம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கே."

"சார் கோர்ட்டுக்குப் போயிருக்கார்."

"பகல்ல சொல்லலக்கா. சாயந்தரத்தைச் சொல்றேன். முன்னெல்லாம் ரெண்டு பேரும் எவ்வளவு பேசுவீங்க. இப்போ உப்பு போதுமா, தண்ணி வருதா, அவ்வளவுதான். ஏதாச்சும் மனஸ்தாபமா?"

எந்திரம் நின்றது.

"நிறுத்தாதீங்க, தைங்க" என்றான் அவன், கனிவாக. "எங்க ஆபீஸ்ல பசங்க ரெண்டு பேர் இருக்காங்க. உங்க கேள்வின்னா அவங்களுக்கு உயிரு. அக்கா இன்னிக்கு என்ன கேக்கப் போறாங்கன்னு காத்துக்கிட்டு இருப்பானுங்க. இப்போ பாவம், கொட்டாவி விட்டுக்கிட்டுக் கெடக்கறானுங்க."

அம்மாள் மிதித்தார். தையல் கோணிற்று. பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கினார், மீண்டும் கோணிற்று.

"யாருங்க நீங்க?"

"பேன்ட் தைக்க வந்தவன். அக்கா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரி விஷயம் எங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அந்த லைன்மேன் சம்சாரம் கேக்குதுன்னு வைங்க. வக்கீல் வீட்டம்மாதான் சொன்னாங்கன்னு நான் சொன்னா, அதுல பொய் என்ன இருக்கு? உங்க கேள்விதானே அது?"

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னீங்கக்கா. சாருக்குச் சொன்னீங்க. நாங்களும் கேட்டோம். அந்தப் பொம்பளைக்கு இந்த வித்தியாசமெல்லாம் புரியுமா? வக்கீல் பொண்டாட்டி வித்துட்டான்னுதான் புரியும். ஊரும் அதைத்தான் சொல்லும். அப்புறம் உங்ககிட்ட யாரு கவுன் தைக்கக் குடுப்பாங்க?"

அம்மாள் அடுத்த காலின் மடிப்பை எந்திரத்தில் வைத்தார்.

"சார் நல்ல மனுஷர். வயசும் ஆச்சு. நெஞ்சு வலின்னு ஒரு டாக்டர் சீட்டைக் குடுத்தா ஜட்ஜ் ஒத்துக்குவார். திங்கக்கிழமைதானே அடுத்த வாய்தா? அன்னிக்கே சொல்லிடலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க." அவன் எழுந்து பேன்ட்டை எடுத்து மடிப்பைத் தடவிப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு. பொண்ணு ரூம் மாத்திக்கிச்சு போல? பழைய ரூம்ல சத்தம்னு. புதுசு கீழ் மாடியாச்சே. ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கு. கீழ் மாடி வேணாம்னு சொல்லுங்கக்கா. வயசுப் பொண்ணு."

கூலியை அம்மாள் கேட்கவில்லை, எவ்வளவென்று அவனும் கேட்கவில்லை. மழை நிற்கும்முன்பே போய்விட்டான்.

மகள் அறை மாற்றிக்கொண்டது அம்மாளுக்கே தெரியாது. விடுதிக்குத் தொலைபேசி செய்ய எடுத்தவர், எண்ணைச் சுழற்றாமலே வைத்துவிட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்திற்கு நடந்தார். அங்கே வெளித்தாழ்வாரத்தில் தட்டச்சு செய்பவர்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தனர். அந்தச் சடசடப்பின் நடுவே கணவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். வக்கீலின் முகத்தில் இரத்தம் இல்லை.

"விட்டுடறேன்" என்றார். "நெஞ்சு வலின்னே சொல்லிடறேன். பொய்யும் இல்ல, உண்மையாவே வலிக்குது."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் அதையேதான் சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். விட்டுடுங்க, விட்டுடுங்கன்னு."

"அப்புறம் என்ன? முடிஞ்சது."

"முடியுமா? நீங்க விட்டாலும் அவன் சொல்லமாட்டான்னு என்ன நிச்சயம்? என் பேரு அவன் கையில இருக்கு. இன்னிக்கு லைன்மேன் கேசுக்காக அதைக் காட்டி மிரட்டுவான். நாளைக்கு வேற யாரோ வந்து அந்த நாற்காலியில உக்காரும்போது மறுபடியும் பேன்ட்டைத் தூக்கிக்கிட்டு வருவான்."

வக்கீல் தாழ்வாரத் தூணில் சாய்ந்துகொண்டார்.

"நானே போய் அவகிட்ட சொல்லிடறேன்" என்றார் அம்மாள்.

"எதை?"

"நான் கேட்டதைத்தான் அவங்க கேட்டாங்கன்னு."

"அவ நம்பமாட்டா. மூஞ்சியில துப்புவா."

"துப்பினா துடைச்சுக்கறேன். அதுக்கப்புறம் நீங்க விடறதா இருந்தா விடுங்க. நான் தைரியமாப் பேசறேன்னு நெனைக்காதீங்க. குடையைக்கூட மடிக்காம நிக்கறேன், பாருங்க."

வக்கீல் உண்மையாகவே நிமிர்ந்து பார்த்தார். விரித்த குடையிலிருந்து நீர் தாழ்வாரத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அம்மாள் பாட்டில் கழுவும் தொழிற்சாலைக்குச் சென்றார். அது தகரக் கூரையிட்ட நீண்ட கொட்டகை. பெண்கள் இடுப்பளவுத் தொட்டிகளின் அருகே நின்று, சுழலும் தூரிகையில் பாட்டில்களைச் செருகியும் உருவியும் நிறுத்தினர். கண்ணாடியும் கண்ணாடியும் மோதும் ஓசையில் பக்கத்திலிருப்பவர் பேசுவதும் கேட்காது. அவ்விடத்தை எவராலும் ஒட்டுக்கேட்க இயலாது என்ற எண்ணமே அம்மாளுக்குச் சற்று மூச்சு விட இடமளித்தது. லைன்மேனின் மனைவி அவரைப் பார்த்தாள்; கையை நிறுத்தவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அம்மாள், காதருகே உரக்க.

"தெரியும்க்கா. நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டான்."

அம்மாளின் கை தொட்டியின் விளிம்பைப் பற்றியது. அவரிடம் திங்கட்கிழமைவரை தவணை கொடுத்தவன், கொடுப்பதற்கு முன்பே இங்கு வந்து போயிருக்கிறான்.

"வாரின தலையோட ஒருத்தன். உங்க வக்கீல் வீட்டம்மா எங்க ஆளுதான், சாயந்தரம் கேட்டு வாங்கிக் காலையில சொல்லிடுவாங்கன்னு சொன்னான்."

"நம்பினியா?"

"நம்பினேன்." அவள் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மீண்டும் நீரில் அமிழ்த்தினாள். "ராத்திரி முழுக்க உங்களைத் திட்டினேன். உங்க வீட்டு டீயை வேற குடிச்சோமேன்னு வாந்தி வந்துச்சு. இப்போ என்ன, இல்லேன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல. அது என் கேள்விதான். ஆஸ்பத்திரிக் கேள்வி. ஒட்டுப்போட்ட துணின்னு சொன்னதும் நான்தான்." அம்மாள் தம் வீட்டு வழக்கத்தை, அது தொடங்கிய நாள்முதல் சொன்னார். தாம் எதிர்த்தரப்பாக நின்று கேட்பது, வக்கீல் பதில் தேடுவது, அதை வேறு காதுகள் கேட்டது, குமாஸ்தா போனது, பேன்ட் தைக்க வந்தவன் பேசியது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல, தம் காதுக்கே அது கட்டுக்கதையாக ஒலித்தது.

லைன்மேனின் மனைவி கேட்டுக்கொண்டே எட்டுப் பத்துப் பாட்டில்களை அடுக்கினாள். பின் முதன்முறையாகக் கையை நீரிலிருந்து எடுத்து, மார்போடு கட்டியிருந்த ரப்பர் துணியில் துடைத்தாள்.

"அப்போ ஒண்ணு கேக்கறேன். வக்கீல் ஐயா ஜெயிக்கறதுக்காகப் பேசறவரு. நீங்க அப்படி இல்ல, எதிர்ல நின்னு யோசிச்சவங்க. என் வீட்டுக்காரர் செஞ்சிருப்பாருன்னு உங்களுக்குத் தோணுதா?"

இத்தனை ஆண்டுகளில் இக்கேள்வியை எவரும் அம்மாளிடம் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட நா துடித்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் சொல்ல இயலவில்லை.

"தெரியல" என்றார். "உண்மையாவே தெரியல. அந்த நர்ஸ் சொன்னதுக்கு இன்னும் எங்ககிட்ட பதில் இல்ல."

லைன்மேனின் மனைவி தொட்டியைப் பார்த்து நின்றாள். மேற்பார்வையாளர் தொலைவிலிருந்து கையை அசைத்ததைக் கவனிக்கவில்லை.

"எனக்கும் தெரியாதுக்கா" என்றாள். இரைச்சலில் அவள் குரல் கேட்கவில்லை. உதட்டசைவால் அம்மாள் அறிந்துகொண்டார். அவள் நெருங்கி வந்தாள். "ஜெயில்ல பார்க்கும்போது இல்லேன்னு சொல்றாரு. நான் கேக்கறதை விட்டுட்டேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன், அந்த வாரின தலைக்காரன், எல்லாம் தனக்குத் தெரியும்னான். என் வீட்டுக்காரர் செஞ்சதும் தெரியுமாம், நீங்க வித்ததும் தெரியுமாம்." மீண்டும் பாட்டிலைக் கையிலெடுத்தாள். "ஐயாவை வரச் சொல்லுங்க. வேற யாரும் வரமாட்டாங்க. வந்தாலும் உங்களை மாதிரி கேக்கமாட்டாங்க."

அடுத்த பாட்டிலைத் தூரிகையில் செருகிக்கொண்டே, "நீங்க பயந்துக்கிட்டுத்தானே வந்தீங்க?" என்றாள்.

"ஆமா."

"நானும்தான் பயந்துக்கிட்டு நிக்கறேன். உங்களோட பேசறதை இங்கே யாராவது போய்ச் சொல்லிடுவாங்களோன்னு. போங்க இப்போ."

திங்கட்கிழமை காலையில் வக்கீல் குளித்து உடுத்து, கவுனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரொட்டியை டீயில் நனைத்துப் பாதி தின்று, மீதியை வைத்துவிட்டார். மேசைமேல் இரண்டு கிடந்தன: வழக்குக் கட்டு ஒன்று, டாக்டர் சீட்டு ஒன்று. லைன்மேனின் மனைவி வரச் சொன்னதைக் கேட்டபின்னும், முந்தைய நாள் அவர் அந்தச் சீட்டை வாங்கி வைத்திருந்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு டீக்கோப்பையை எடுத்துச் சென்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபின்னும் வக்கீல் மேசையையே பார்த்து நின்றார்.

தொலைபேசி ஒலித்தது. இருவரும் அசையவில்லை. அது விடாமல் ஒலிக்கவே அம்மாள் எடுத்தார்.

"அம்மா" என்றாள் மகள். மூச்சு வாங்கியது. "நேத்து ஒரு ஆள் வார்டன்கிட்ட வந்து என்னைப் பத்தி விசாரிச்சிருக்கான். என் ரூம் எதுன்னு கேட்டிருக்கான். சித்தப்பான்னு சொன்னானாம். எனக்கு ஏது சித்தப்பா? என்னம்மா நடக்குது?"

அம்மாளுக்கு வாய்வரை வந்தது, நல்லா இருக்கோம், நல்லா படி என்பதுதான். சுவரையும் கூரையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்ற துணிவினால் அன்று. மகளுக்குச் சொல்ல வேறு வழியில்லாமையால். லைன்மேன், கேள்விகள், பேன்ட், கீழ்மாடி ஜன்னல், பாட்டில் தொழிற்சாலை யாவும் வந்தன.

மறுமுனையில் மகள் யாரையோ விலகிப் போகச் சொல்வது கேட்டது.

"எல்லார்கிட்டயும் பேசியிருக்கீங்க" என்றாள் மகள் பிறகு. "அந்தம்மாகிட்ட போய்க் கேட்டிருக்கீங்க. என்கிட்ட யாரும் கேக்கல."

"தப்புதான். இப்போ கேக்கறேன். அப்பா போகட்டுமா?"

வாசலில் நின்ற வக்கீல் திரும்பினார்.

"அப்பா இப்போ என்ன பண்றார்?"

"செருப்பு போட்டுக்கிட்டு நிக்கறார்."

"பயந்திருக்காரா?"

அம்மாள் கணவரைப் பார்த்தார். "ரொம்ப."

மகள் அழுகிறாள் என்பது மூச்சிலிருந்து தெரிந்தது. "போகட்டும்மா. நான் இன்னிக்கு ரூமுக்குப் போகல, சிநேகிதி கூட இருக்கேன். ஆனா நீ போனை வைக்காத. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பேசிக்கிட்டே இரு."

அம்மாள் கணவரிடம் தலையை அசைத்தார். வக்கீல் உள்ளே வந்து கட்டை எடுத்துக்கொண்டார். சீட்டைத் தொடவில்லை. மனைவியின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

"என்னத்தைப் பேசறது?" என்றார் அம்மாள்.

"எதுவேணா."

அம்மாள் தொலைபேசிக் கம்பி எட்டும்வரை ஜன்னலருகே நகர்ந்தார். இரவில் பெய்த மழையால் தெரு சேறாயிருந்தது. வக்கீல் ஓரமாக, சேற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி, பேருந்து நிற்குமிடம் நோக்கி நடந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சுவரையொட்டி மோட்டார் சைக்கிளில் இருவர் உட்கார்ந்திருந்தனர். முன்னவன் வண்டியைக் கிளப்பவில்லை. இரு கால்களாலும் தரையை உந்தி உந்தி, வயதானவரின் நடைக்கு ஏற்ற வேகத்தில், அவர் பின்னாலேயே ஓசையின்றி நகர்த்திக்கொண்டு போனான். வக்கீல் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயின் அவர் முதுகு அறிந்துகொண்டது ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றார் அம்மாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "இங்கே ராத்திரியெல்லாம் மழை. நீ காலையில ஏதாவது சாப்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."